வண்டித் தொட்டியும் வடிகட்டும் துணியும்

நீரை வடிகட்டிப் பருக வேண்டும் என்பது நம் இல்லங்களில் எவரும் எவர்க்கும் தனியே அமர்ந்து கற்பிக்காத ஒழுக்கம். குடத்தின் வாயில் கட்டிய வெள்ளைத் துணியைப் பார்த்தே குழந்தைகள் வளர்கின்றன. பொழுது சாயுமுன் உண்பதையும், நீரை வடித்துக் குடிப்பதையும் கொண்டே அயலார் நம்மை இன்னார் என்று அடையாளம் கண்டனர். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பண்டித ஆசாதரர், தமது சாகார தர்மாமிருதத்தில் இல்லறத்தார்க்குரிய மூலகுணங்கள் எட்டினை எண்ணும் முறைகளுள் ஒன்றில், கள், ஊன், தேன் இவற்றை விலக்குதலோடும் இரவு உணவு ஒழித்தலோடும் நீர் வடித்தலையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தார். இத்துணை அடிப்படையான ஒன்றில் முதுமைக் காலத்தில் நமக்குப் புதிதாக ஐயம் எழும் என்று நாம் எண்ணியதில்லை. ஒரு சுற்றுலா வேனின் தண்ணீர்த் தொட்டி அந்த ஐயத்தைக் கொண்டு வந்தது.

ஆசிரியப் பணி நிமித்தம் தெற்கே வந்து சங்கரன்கோவிலிலேயே தங்கிவிட்ட எங்கள் இல்லம், கழுகுமலை தரிசனத்துக்கு வரும் உறவினர்க்கு ஒரு சத்திரம் போன்றது. கழுகுமலை இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பாண்டியர் காலத்தில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களையும், வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் காண வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பக்கங்களிலிருந்து நம்மவர் ஆண்டுதோறும் வருகின்றனர். அக்கல்வெட்டுகளில் குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்கள் வருவதால், வாழ்நாள் முழுதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நமக்கு அம்மலையின் மீது தனி உரிமை உண்டு என்று நாம் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம்.

சென்ற ஆண்டு தை மாதம் வந்தவாசிப் பக்கத்திலிருந்து உறவினர் பதினான்கு பேர் ஒரு வாடகை வேனில் வந்தனர். வழியில் கண்ட இடத்தில் உண்ணாமல், கண்ட நீரைப் பருகாமல் யாத்திரை செய்வது நம் மரபாதலால், அடுப்பு, பாத்திரங்கள், பருப்பு, அரிசி யாவும் வண்டியிலேயே இருந்தன. பின்புறத்தில் 200 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றும், அதன் அடியில் ஒரு குழாயும் பொருத்தியிருந்தார்கள். இத்தகைய வண்டிகள் இப்போது பெருகி வருகின்றன. கேரள அரசு 2021இல் காரவன் சுற்றுலா என்று ஒரு திட்டமே வகுத்தது. படுக்கை, சமையலறை, குளியலறை, நல்ல நீருக்கு ஒரு தொட்டி, கழிவு நீருக்கு ஒரு தொட்டி என்று வீடே சக்கரத்தின் மேல் ஏறிவிடுகிறது. வீடு ஏறும்போது வீட்டின் அறமும் கூடவே ஏற வேண்டுமல்லவா?

வந்தவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். புறப்படும்போது ஊர்க் கிணற்று நீரை நிரப்பினர். திருச்சிக்கு அப்பால் ஓரிடத்திலும், மதுரையில் சமணர் மலையைத் தரிசித்த பின் ஓரிடத்திலும் குறைந்ததை நிரப்பினர். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் எடுக்கும்போதெல்லாம் குழாயின் கீழே இரட்டைத் துணியிட்டு வடித்தனர். ஆனால் தொட்டியின் மூடியை எவரும் திறந்து பார்க்கவில்லை. வண்டி முந்தைய வாரம் முழுவதும் ஒரு கொட்டகையில் நின்றிருந்தது, அடியில் பழைய நீர் தேங்கியிருந்தது என்பதெல்லாம் பின்னர்தான் தெரிய வந்தது. எங்கள் வீட்டு வாசலில் காலையில் நீர் வடித்த பன்னிரண்டு வயதுப் பேரன், துணியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கே ஓடி வந்தான். துணியில் பத்துப் பதினைந்து கூத்தாடிகள் நெளிந்துகொண்டிருந்தன.

“பாட்டி, இதை எங்கே விட வேண்டும்?” என்று கேட்டான்.

விடை நமக்குத் தெரியும் என்றுதான் எண்ணினோம். துணியில் தங்கிய உயிர்களோடு கூடிய நீரை ஜீவாணி என்பர். அதை எடுத்த நீர்நிலையிலேயே, அதுவும் உயரத்திலிருந்து கொட்டாமல், நீர்மட்டம் வரை இறக்கிச் சேர்க்க வேண்டும். ஒரு நீரில் பிறந்தது மற்றொரு நீரில் வாழாது என்பது காரணம். இதற்கென்றே அடியில் வளையம் வைத்த வாளி ஒன்று பழைய வீடுகளில் இருக்கும். கயிற்றை அந்த வளையத்தில் மாட்டி இறக்கினால், வாளி நீரைத் தொட்டதும் தானே கவிழ்ந்து, சுமந்து வந்ததை மெல்ல விட்டுவிடும். துணியின் அளவுக்கும் விதி உண்டு. 36 விரற்கடை நீளமும் 24 விரற்கடை அகலமும் கொண்டு, இரண்டாக மடித்தால் கதிரவனின் ஒளி ஊடுருவாத அளவுக்கு நெருங்கிய நெசவாக இருக்க வேண்டும். வடித்த நீர் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் வரைதான் வடித்த நீராகக் கருதப்படும். பின்னர் மீண்டும் வடிக்க வேண்டும். இலவங்கம் முதலியன இட்டால் 6 மணி நேரம். நன்கு கொதிக்க வைத்தால் 24 மணி நேரம். இவை அனைத்தையும் நாம் ஒப்பிப்போம். ஆனால் நான்கு நாள்களில் மூன்று ஊர்களின் நீர் கலந்த தொட்டியில் பிறந்த உயிர்க்கு எந்த நீர்நிலை தாயகம்? அந்தத் தொட்டியேதான். அதை அதற்கே திருப்பி விடுவதென்றால் நாளை அது கொசுவாகும். வண்டி நிற்கும் ஊரெல்லாம் பறக்கும்.

திண்ணையில் ஒரு சிறிய சபையே கூடிவிட்டது. ஓட்டுநர், “ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் போட்டால் போதும் அம்மா, பத்து நிமிடத்தில் ஒன்றும் இருக்காது” என்றார். அவர் கூறியதில் தீய எண்ணம் ஏதுமில்லை. எங்களுக்கு உதவவே விரும்பினார். விரதம் ஏற்ற பெரியவர் ஒருவர், தொட்டிக்கே திருப்பி விட்டுவிட்டு, அந்த நீரைத் தொடாமல் ஊர் திரும்புவோம் என்றார். பரிசோதனைக்கூடத்தில் பணிபுரியும் மருமகள் பொறுமையிழந்து, “அத்தை, இவை நல்ல நீரில் பிறக்கும் கொசுவின் புழுக்கள். டெங்குக் காய்ச்சலைக் கொண்டு வருபவை இவையே. மண்ணில் கொட்டிவிடுவதுதான் மனிதர்க்குச் செய்யும் ஜீவதயை” என்றாள். பையனோ ஊருக்கு வெளியே உள்ள குளத்தில் விட்டுவிடலாம் என்றான்.

மருமகள் சொன்னதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2012இல் தமிழகத்தில் 12,000க்கும் மேற்பட்டோரை டெங்கு பீடித்தபோது மிகக் கடுமையாக வருந்திய மாவட்டம், சங்கரன்கோவில் அந்நாளில் அடங்கியிருந்த திருநெல்வேலி மாவட்டமே. கடையநல்லூர் இங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. அவ்வாண்டு அங்கே வீடுதோறும் காய்ச்சல் என்று கேட்டோம். அதன் பிறகு வீட்டுத் தொட்டிகளில் அபேட் மருந்து ஊற்ற வரும் பணியாளர்களை நாம் எந்த முகத்தோடு தடுப்பது? தடுத்ததில்லை. ஆனால் அவர்கள் வந்து பார்க்கும்போது எங்கள் தொட்டியில் ஊற்ற வேண்டிய தேவை இராதபடி வைத்திருக்கிறோம். இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றும். அதைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது.

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, உயிர் போவதை மட்டும் கூறி நிறுத்தவில்லை. கவனமின்மையாலும் மன மயக்கத்தாலும் உயிரைப் போக்குதல் என்று, காரணத்தையே முன்னே வைக்கிறது. பிரமாதம் என்ற அந்தச் சொல்லைத் தமிழில் நாம் ‘மிகச் சிறப்பு’ என்ற பொருளில் வழங்கிப் பழகிவிட்டோம். அதன் மூலப்பொருள் அசட்டை என்பதாகும். இல்லறத்தார் செய்யும் இம்சையை நான்காகவும் பிரிப்பர். எண்ணிச் செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என்பவை அவை. இவற்றுள் எண்ணிச் செய்வதை முற்றிலும் விலக்க வேண்டும்; ஏனையவற்றை இயன்ற அளவு குறைக்க வேண்டும். நீர்த்துளியே ஓரறிவுயிரின் உடல் என்பது நம் கொள்கை. ஆதலால் நீர் கொதிக்க வைப்பதும் இம்சையே; இல்லறத்தானுக்கு அது தவிர்க்க இயலாதது. கொசுவோ நான்கறிவுடைய திரச உயிர். துணி பிறந்தது அத்தகைய அசையும் உயிர்களுக்காகவே.

இவ்வாறு பார்த்தால், அன்று காலை திண்ணையில் விவாதித்த கேள்வி தாமதமாகக் கேட்ட கேள்வி. பிழை நடந்தது அந்தக் காலையில் அன்று. ஒரு வாரம் எவரும் திறந்து பார்க்காத மூடியில்தான் அது நடந்தது. முட்டை முதிர்ந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள்கள் போதும். பழைய நீரைக் கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, புறப்படும் நாளில் வாய்க்குத் துணி கட்டியிருந்தால், கொல்வதா விடுவதா என்று எவரும் வழக்காட வேண்டியிருந்திராது. பிறக்க இடம் கொடுத்துவிட்டுப் பிறந்தபின் தயை பேசுவது, பள்ளியில் ஆண்டு முழுதும் பாடம் நடத்தாமல் தேர்வு நாளில் மாணவன் மீது இரக்கம் கொள்வது போன்றது. அத்தகைய ஆசிரியர்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

இதிலும் ஒரு நெருடல் உண்டு. உலர்ந்த சுவரில் ஒட்டிய அக்கொசுவின் முட்டைகள் பல மாதங்கள் கூட உயிரோடு இருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். தேய்த்துக் கழுவும் கை அவற்றை அழிக்கவும் கூடும். வீட்டைப் பெருக்குவதில் நேரும் இம்சை போன்றது அது என்று நாம் அமைதி கொள்கிறோம். அதை ஒன்றுமில்லை என்று கூற மாட்டோம்.

வடிகட்டும் இயந்திரங்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஏனெனில் வண்டிக்கும் அதையே வாங்கி மாட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று வந்தவர்களில் ஒருவர் கூறினார். நம் வீட்டுச் சுவரிலும் பிள்ளைகள் வாங்கித் தந்த இயந்திரம் ஒன்று தொங்குகிறது. அதனுள் மிக நுண்ணிய சவ்வு ஒன்றும் புற ஊதா விளக்கு ஒன்றும் உள்ளன. சவ்வு உப்பையும் கிருமியையும் தடுத்து, நாம் பருகும் நீரைக் காட்டிலும் மிகுதியான நீரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த இடங்களில் இவ்வியந்திரங்களைத் தடை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் கூறியதற்கு இந்த வீணே காரணம். விளக்கு எதையும் வடிப்பதில்லை. தன்னைக் கடக்கும் நுண்ணுயிர்களின் மரபுப் பொருளைச் சிதைத்து, அவை இனி பெருகாதபடி செய்கிறது.

துணியும் இயந்திரமும் ஒரே தொழிலைச் செய்கின்றன, பின்னது திறமாகச் செய்கிறது என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். கூத்தாடிகளைக் கையில் வைத்துக்கொண்டு பேரன் நின்றபோதுதான் அவை எதிரெதிரான தொழில்கள் என்பது விளங்கிற்று. இயந்திரம் குடிப்பவனை உயிரிடமிருந்து காக்கிறது. துணியோ உயிரைக் குடிப்பவனிடமிருந்து காக்கிறது. இயந்திரத்தில் சிக்கியது எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. ஆண்டுக்கொரு முறை வருபவர் பழைய வடிகட்டியைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் இடுகிறார். நாம் கையெழுத்திட்டுப் பணம் கொடுக்கிறோம். துணியில் சிக்கியதோ நம் கண்முன் நெளிகிறது. ‘எங்கே விடுவது’ என்ற கேள்வியை அதனால் மட்டுமே கேட்க முடிகிறது.

துணியும் குடிப்பவனைக் காக்கிறது என்று அறிஞர் கண்டுள்ளனர். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 65 சிற்றூர்களில் ரீட்டா கோல்வெல் அம்மையார் குழுவினர் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. குளத்து நீரைப் பருத்திச் சேலையை நான்கு மடிப்பாக மடித்து வடித்துக் குடித்த ஊர்களில் காலரா ஏறத்தாழ பாதியாக, 48 விழுக்காடு, குறைந்தது. காலராக் கிருமி நீரில் வாழும் மிகச் சிறிய மிதவை உயிர்களின் மேல் ஒட்டிக்கொண்டு வருவது. துணி அவ்வுயிர்களைத் தடுத்தபோது கிருமியும் நின்றது. புதிய துணியைவிடப் பலமுறை துவைத்த பழைய சேலையே நன்கு வடித்ததாம். உடுத்திய துணியால் வடிக்கக் கூடாது என்ற எங்கள் வீட்டு வழக்கத்தோடு இது மோதுகிறது. இங்கே சங்கரன்கோவிலில் தறி ஓசை கேட்காத தெருக்கள் குறைவு. உடுத்தாத புதுப் பருத்தித் துணியை வாங்கிப் பத்துமுறை துவைத்து வைத்துக்கொண்டால் இரண்டு கட்சியும் ஒத்துப்போகும் என்று நாம் அப்படியே செய்து வருகிறோம்.

நரம்புச் சிலந்தி நோயின் வரலாறும் இதுவே. சைக்ளோப்ஸ் என்னும் சிற்றுயிரின் உடலில் தங்கி, படிக்கிணற்று நீரோடு மனிதர் வயிற்றில் புகுந்து, ஓராண்டு கழிந்து காலைத் துளைத்து முழ நீளப் புழுவாக வெளிவரும் அந்நோயை நம் முன்னோர் நேரிற் கண்டவர்கள். அதற்கு மருந்தோ தடுப்பூசியோ கிடையாது. துணியால் வடித்துக் குடிக்கச் சொன்னதும், கிணறுகளைத் திருத்தியதும், நீருக்கு மருந்திட்டதுமே வழிகளாயின. கடைசி நோயாளி 1996இல் இராஜஸ்தானில் காணப்பட்டார். 2000இல் இந்தியா அந்நோய் நீங்கிய நாடு என உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது.

நம் மேடைகளில் இவற்றைக் கூறி, பார்த்தீர்களா, நம் முன்னோர் அன்றே அறிவியல் அறிந்திருந்தனர் என்று பெருமை கொள்வோர் பலர். கேப்டன் ஸ்கோர்ஸ்பி என்பவர் ஒரு துளி நீரில் 36,450 உயிர்களை எண்ணினார் என்ற செய்தியும் நம் சிறுநூல்களில் திரும்பத் திரும்ப வரும். கிணற்றுத் துளியும் சாக்கடைத் துளியும் ஒரே கணக்குக் கொண்டிரா என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவனும் அறிவான். லீவன்ஹூக் 1676இல் இலண்டன் அரச கழகத்துக்கு நீரின் சிற்றுயிர்களைப் பற்றி எழுதுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம்மவர் நீரை வடித்தனர். அவர்கள் நோய்க்கு அஞ்சி அதைச் செய்யவில்லை. நோய்க்கு அஞ்சியிருந்தால் வடித்ததைச் சாக்கடையில் எறிந்திருப்பர். கயிறு கட்டி, வளைய வாளியில் வைத்து, கிணற்றின் அடிவரை இறக்கும் துன்பத்தை எவரும் தம் உடல்நலத்துக்காக ஏற்பதில்லை. உடல்நலம் கிடைத்தது நல்லதே. ஆயினும், அதுவே காரணம் என்று நம் பிள்ளைகளிடம் கூறிவிட்டால், நாளை அதைவிட நலம் தரும் இயந்திரம் வந்ததும் துணியை மடித்துப் பரணில் வைத்துவிடுவர். வைத்தும் விட்டனர்.

அதற்காக இயந்திரத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் நோய்க்கிருமிகள் உள்ள நீரைக் கொடுப்பதும் இம்சையே. கிருமிகளை நிகோத உயிர்களோடு வைத்து எண்ணுவோர் உண்டு. அவ்வாதத்தில் தலையிடும் தகுதி நமக்கில்லை. நீரை முதலில் துணியால் வடித்து, கண்ணுக்குத் தெரியும் உயிர்களைத் தம்மிடத்தில் சேர்த்தபின், எஞ்சியதைக் கொதிக்க வைப்பதோ இயந்திரத்தில் விடுவதோ செய்கிறோம். துணி முன்னும் இயந்திரம் பின்னும் என்ற இந்த வரிசை மாறக் கூடாது என்பதே எங்கள் வீட்டில் விதி.

ஆழ்துளைக் கிணறுதான் பெரிய இடர்ப்பாடு. மேலே கொண்டு வந்த நீரில் தங்கியதை 300 அடி, 500 அடி கீழே எவ்வாறு திருப்பி விடுவது? இக்காரணத்தாலேயே விரதம் நிறைந்தோர் திறந்த கிணற்று நீரையே நாடுகின்றனர். சங்கரன்கோவிலில் பழைய வீடுகளின் கொல்லைக் கிணறுகள் பல, ஆழ்குழாய் வந்தபின் குப்பை நிரம்பித் தூர்ந்தன. எங்கள் கொல்லையில் ஒன்று பிழைத்திருக்கிறது. கோடையில் வற்றும், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஊறும். அன்று தையாதலால் நீர் இருந்தது. எனினும் அந்தக் கூத்தாடிகள் அதன் உயிர்கள் அல்ல. குடிக்கும் கிணற்றில் அவற்றை விட மருமகள் இசையவுமில்லை. அவள் சொன்னது சரியே.

முடிவில் பையன் கூறியதே நடந்தது. தொட்டி நீர் முழுவதையும் துணியிட்டுக் குடங்களில் வடித்தோம். வடித்த நீரைத் தென்னைக்கு விட்டோம். துணியில் தங்கியவற்றை ஒரு தூக்குவாளியில் சிறிது நீரோடு எடுத்துக்கொண்டு, பையனும் பெரியவரும் நாமுமாக ஊருக்கு வெளியே உள்ள குளத்துக்கு நடந்தோம். படியில் அமர்ந்து வாளியை நீரில் சாய்த்தபோது, சிறு மீன்கள் கூட்டமாக வந்தன. எதற்காக வந்தன என்பது விளங்க ஒரு நொடி ஆயிற்று. பையன் முகம் வாடியது.

“மீன் தின்னும் என்று தெரிந்தே விட்டால், நாம் கொன்றதாகாதா பாட்டி?” என்றான்.

பெரியவர் தம் நெறிப்படி விடை கூறினார். கொல்லும் எண்ணம் நமக்கில்லை. அவை வாழ்வதற்குரிய நீரில் விட்டோம். அதற்குமேல் அவற்றின் வினை, மீனின் வினை என்றார். பையன் விடவில்லை. அவன் இரண்டு நாள்களுக்கு முன் சித்தன்னவாசலில் அறிவர் கோவிலின் விதானத்தைப் பார்த்திருந்தான். 9ஆம் நூற்றாண்டு ஓவியம் அது. தாமரைக் குளத்தில் மீன்களும் பறவைகளும் எருமைகளும் யானைகளும் இருக்க, மூவர் இறங்கி மலர் கொய்கின்றனர். சமவசரணத்தின் காதிகா பூமி என்று அதற்குப் பொருள் கூறுவர். அறவுரை கேட்கச் செல்லும் பவ்வியர்கள் இளைப்பாறும் இடம். பகை மறந்த உயிர்களின் இடம். “அந்தக் குளத்து மீன் கூத்தாடியைத் தின்னுமா?” என்று கேட்டான். பெரியவர் சிரித்தார், நமக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்ணமில்லாமையால் மட்டும் நாம் விடுபட்டுவிடுவோமா? ஓட்டுநருக்கும் கொல்லும் வன்மம் இல்லை. தூய்மை செய்யும் எண்ணமே இருந்தது. விளைவை அறிந்தும் கை செய்த செயலுக்கு, ‘நினைக்கவில்லை’ என்பது முழு விடையாகாது என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் பிளீச்சிங் பவுடரும் குளமும் ஒன்றென்றும் கூற மனம் ஒப்பவில்லை. முன்னதில் அவற்றிற்கு வழியே இல்லை. பின்னதில் பத்தில் ஒன்று பாசியின் நிழலில் ஒதுங்கியிருக்கலாம். பலவற்றைத் தின்னும் மீன்கள் உள்ள நீராதலால் ஊருக்குத் தீங்கும் குறைவு. இரு தீமைகளுள் சிறியதைத் தேர்ந்தோம்; அதை நன்மை என்று பெயரிட்டு வீடு திரும்பவில்லை. அன்று பெரியவர் உபவாசம் இருந்தார். நாமும் ஒருபொழுது உணவை விட்டோம். குளத்தங்கரையில் நேர்ந்ததற்காக அன்று. எவரும் திறவாத அந்த மூடிக்காக.

மறுநாள் அவர்கள் கழுகுமலைக்குப் புறப்படுமுன், தொட்டியைக் கழற்றிச் சுவரை நாரால் தேய்த்து, கவிழ்த்து வெயிலில் காய வைத்தோம். கொல்லைக் கிணற்றில் இறைத்த நீரைக் கிணற்றடியிலேயே வடித்து, ஜீவாணியை அங்கேயே வளைய வாளியில் இறக்கிவிட்டு, வடித்த நீரையே தொட்டியில் நிரப்பினோம். இதுதான் வண்டிக்கு உரிய முறை என்பது எங்கள் துணிபு. வண்டி நகர்ந்தபின் வடித்தால் உயிர்கள் தம் இடத்தை இழந்துவிடுகின்றன. எடுத்த இடத்திலேயே வடித்துவிட்டால் ஊர் மாறினாலும் கடன் நிற்பதில்லை. 48 நிமிடக் கணக்குக்காகக் குழாயடியில் மீண்டும் வடிக்க வேண்டியது உண்மைதான். அப்போது துணியில் ஏதேனும் தங்கினால், தொட்டி சரியாகக் காவலில் இல்லை என்று அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். நகராட்சிக் குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது அரசின் அளவு. இரண்டு சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் பார்த்து அதை அறியும் சிறு கருவியையும் மருமகள் வண்டியில் வாங்கி வைத்தாள். மருந்து கலந்த நீரை வழியில் நிரப்ப நேர்ந்தால், அதில் கொல்லும் செயலை நமக்காக வேறொருவர் முன்பே செய்து முடித்திருக்கிறார் என்பதையாவது அறிந்து பருகலாமே என்றாள். சற்றே கடுமையான பேச்சு, ஆனால் பொய்யன்று.

இவ்வாண்டு தையில் அதே குடும்பத்தார் அதே வண்டியில் மீண்டும் வந்தனர். பையன் உள்ளே வருமுன் பின்புறம் சென்று மூடியைத் திறந்து டார்ச் விளக்கு அடித்துப் பார்த்தான். வாயில் துணி இறுகக் கட்டியிருந்தது. வண்டி நிற்கும் நாள்களில் தொட்டியைக் கழற்றிக் கவிழ்த்து வைப்பதாக ஓட்டுநர் சொன்னார். எவரும் அவரிடம் கேட்கவில்லை. பிறகு பையன் கொல்லைக்குப் போய் வளைய வாளியை எடுத்துக் கயிற்றை மாட்டினான். குளத்து மீன்களைப் பற்றிய அவனது கேள்வி நமக்கு நினைவிருந்தது. அவனுக்கும் இருந்திருக்க வேண்டும்; வாளியை இறக்கும்போது ஒரு முறை நம்மைத் திரும்பிப் பார்த்தான். நாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.